யாரும் கேட்காத கீழ் வரிசை: ஒரு கொழும்புக் கடையின் சோளத் தெரிவு, 2019–2023

பின்னணி

இதில் வருகிறவர்கள் மூன்று பேர். பழைய சோனகத் தெருவில் கோழித்தீன், புண்ணாக்கு, தவிடு என்று மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி, வயது எழுபதுக்குக் கிட்ட. வவுனியாப் பக்கம் காணி வைத்திருக்கும் அவருடைய மருமகன். மூன்றாவது நான். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் தீவன மாதிரிகளின் புரதம், ஈரப்பதன், சாம்பல் பார்ப்பது என் வேலை. முதல் இருவரும் எழுதச் சொல்லிவிட்டார்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். நடந்ததில் பெரிய பிழைகள் என் பக்கத்தில்தான், ஆகவே அவர்கள் பயப்படவும் ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று: இங்கே சோளம் என்றால் உங்கள் மக்காச்சோளம். நீங்கள் சோளம் என்பதை நாங்கள் இறுங்கு என்போம்.

2018 இல் சேனா படைப்புழு இலங்கைக்குள் வந்தது. அந்தப் பெரும்போகத்தில் (மாரிமழையை நம்பி விதைக்கும் பெரிய போகம்) அநுராதபுரம், அம்பாறை, மொனராகலைப் பக்கமெல்லாம் சோளச் செய்கை நன்றாக அடி வாங்கியது. கடைக்கு வரும் மூடைகள் குறைந்தன, விலை ஏறியது. முட்டைக்கோழித் தீனில் பெரும்பங்கு சோளம்தான், ஆனால் அது சக்திக்கு. புரதத்துக்கு சோயாப் புண்ணாக்கு போட்டாக வேண்டும், காசைத் தின்பதும் அதுதான். ஒருநாள் மாதிரி கொடுக்க வந்த முதலாளி கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார்: "தம்பி, சோளத்திலயே புரதம் ரெண்டு வீதம் கூடியிருந்தா நான் சோயாவைக் குறைக்கலாம்தானே? அப்பிடிச் சோளம் எங்கயாவது இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னது நான்தான். சொல்லிவிட்டு இலினோய்க் கதையையும் சொன்னேன். 1896 இல் அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்தில் சிரில் ஹொப்கின்ஸ் என்ற இரசாயனக்காரர் 'பர்ஸ் வைட்' என்ற வெள்ளைச் சோளத்தில் 163 கதிர்களை எடுத்துத் தனித்தனியே பகுப்பாய்வு செய்தார். சராசரியாகப் புரதம் 10.9 வீதம், எண்ணெய் 4.7 வீதம். புரதம் கூடிய 24 கதிர்களை ஒரு துண்டு நிலத்திலும் (இது மேல் வரிசை) மிகக் குறைந்த 12 கதிர்களை இன்னொரு துண்டிலும் (இது கீழ் வரிசை) விதைத்தார், எண்ணெய்க்கும் அதே மாதிரி இரண்டு துண்டு. விளைந்ததில் மறுபடி தெரிவு, மறுபடி விதைப்பு. 1919 இல் அவர் இறந்த பிறகும் மற்றவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். 100 தலைமுறை கடந்தபோது மேல் வரிசையில் புரதம் 27 வீதத்தையும் தாண்டியிருந்தது, கீழ் வரிசையில் 5 வீதத்துக்குக் கிட்ட இறங்கியிருந்தது, எண்ணெய் வரிசை 20 வீதத்தைத் தொட்டிருந்தது. 48 ஆம் தலைமுறையில் சில கதிர்களை எடுத்து எதிர்த்திசையில் தெரிவு செய்து பார்த்தார்கள். சோளம் சொன்ன பேச்சைக் கேட்டு மறுபக்கமும் நடந்தது. அவ்வளவு காலத்துக்குப் பிறகும் உள்ளே சரக்கு தீரவில்லை.

முதலாளிக்கு இதில் பிடித்தது ஒரேயொரு எண்: 27.

ஹொப்கின்ஸின் முறையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒரே கதிரில் உள்ள மணிகள் எல்லாம் இரசாயன ரீதியில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஆக, ஒரு கதிரிலிருந்து ஒன்றிரண்டு வரிசை மணிகளை உதிர்த்து அரைத்து அமிலத்தில் போடலாம், மிச்சத்தை விதைக்கு வைத்துக்கொள்ளலாம். எதை அளந்தோமோ அதன் உடன்பிறப்பையே விதைக்கிறோம். புரதம் அளக்கும் கெல்டால் உபகரணம் கையில் இருக்கிற யாருக்கும் இதைக் கேட்டால் கை துறுதுறுக்கும்.

கீழ் வரிசையைப் பற்றிச் சொன்னபோது முதலாளி சிரித்தார். "புரதம் குறைஞ்ச சோளத்தை வளத்து யாருக்குத் தம்பி விக்கிறது?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காணி மிச்சம், பரிசோதனைச் செலவு மிச்சம். சரி, மேல் வரிசை மட்டும் என்று முடிவாயிற்று.

60 கதிர்கள் (2019 பெப்ரவரி – ஜூன்)

கடைக்கு வரும் நல்ல மூடைகளில் இருந்தே விதை எடுக்கலாம் என்பது முதலாளியின் யோசனை. அதை நான் மறுத்தேன், அது மட்டும் சரியான முடிவு. வருகிற மூடைகளில் பெரும்பாலானவை கலப்பின விதையில் விளைந்தவை. ஒரு வயல் முழுக்க இரண்டே பெற்றோரின் பிள்ளைகளாக இருக்கும், பொறுக்கி எடுக்க உள்ளே வகைகள் குறைவு. செட்டிகுளம் பக்கம் பல வருடமாகத் தன் விதையைத் தானே வைத்து விதைக்கும் ஒருவரை மருமகன் கண்டுபிடித்தார். அந்த மஞ்சள் சோளத்தில் 60 கதிர்கள், உறையோடு, ஒரு உரப்பையில் போட்டு வவுனியா ரயிலில் கொழும்புக்கு வந்தன.

கடையின் மேல்மாடியில் கதிர்களுக்கு இலக்கம் கட்டினோம். ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசை மணி எனக்கு. கெல்டால் முறை தெரியாதவர்களுக்கு: அரைத்த மாவைச் செறிந்த சல்பூரிக் அமிலத்தில், ஊக்கியோடு, மணிக்கணக்காகக் கொதிக்க விடுவது. முதலில் தார் மாதிரிக் கறுக்கும், வெளிறி வெளிறிக் கடைசியில் தெளிந்த இளம்பச்சையாக நிற்கும். பிறகு காரம் விட்டுக் காய்ச்சி வடித்து, வருகிற அமோனியாவைப் போரிக் அமிலத்தில் பிடித்து, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு அளப்பது. கிடைப்பது நைதரசன். அதை 6.25 ஆல் பெருக்கினால் "புரதம்". 1883 இல் கோப்பன்ஹேகனில் யொஹான் கெல்டால் வெளியிட்ட முறை, இன்றைக்கும் தீவனக்காரர்களின் நீதிபதி அதுதான். ஆனால் இந்த நீதிபதி நைதரசனை மட்டும்தான் விசாரிப்பார். அது எந்தப் புரதத்திலிருந்து வந்தது, எத்தனை கிராம் மணியிலிருந்து வந்தது என்றெல்லாம் கேட்கமாட்டார்.

60 கதிர்களின் சராசரி 9.3 வீதம். மேலேயிருந்த 8 கதிர்களின் சராசரி 11.4. அந்த எட்டையும் விதைக்கு எடுத்தோம்.

அந்த எட்டில் ஐந்து கதிர்கள் என் கையளவுகூட இல்லை. நுனியில் மணி பிடிக்கவில்லை, பிடித்த மணிகளும் ஒடுங்கிப்போய் மேலே சுருக்கம் விழுந்திருந்தன. புழுவும் வறட்சியும் பட்ட போகத்துக் கதிர்கள், வேறு எப்படி இருக்கும். கதிரைப் பார்த்தாலே தெரிகிற விஷயம். நான் பார்த்துக்கொண்டிருந்தது பியூரெட்டை.

ஒரேயொரு நல்ல காரியம் யாரும் திட்டமிடாமல் நடந்தது. முதலாளியிடம் நாற்பது வருடப் பழக்கம் ஒன்று இருக்கிறது, கடைக்குள் வருகிற எந்தச் சரக்கிலும் ஒரு கைப்பிடி மாதிரி எடுத்து வைப்பார், பின்னால் சண்டை வந்தால் காட்டுவதற்கு. அந்த 60 கதிர்களிலும் ஒவ்வொரு பிடி மணியைப் பழைய ஹோர்லிக்ஸ் போத்தல்களில் போட்டு, திகதி எழுதி ஒட்டி, மேல்மாடி பிரிட்ஜின் அடித்தட்டில் வைத்துவிட்டார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில வாரங்கள் அந்தப் பக்கம் யாரும் சோளம் பற்றிக் கதைக்கவில்லை. கடை திறந்ததும் மூடியதுமாக இருந்தது. கொழும்பு ஈரப்பதனில் விதைக் கதிர்களை அப்படியே விட முடியாது என்று ஜூனில் மருமகன் வந்து எடுத்துப் போனார்.

முதல் அறுவடை, பெரிய சந்தோசம் (2019/20 பெரும்போகம்)

எட்டுக் கதிர், எட்டு வரிசை. வயலுக்குக் கிணற்றுத் தண்ணீர். விதைக் காணி என்பதால் மருமகன் யூரியாவைத் தாராளமாகவே போட்டார், மற்றக் காணிக்குப் போடுவதைவிடக் கூட. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

பெப்ரவரியில் அறுவடை. கதிர்கள் கொழும்புக்கு வந்த கையோடு மார்ச் 20 கொரோனா ஊரடங்கு. மேல்மாடியில் பூட்டிக் கிடந்த கதிர்களை ஜூனில் திறந்தபோது பைக்குள் கையை விட்டால் வண்டு ஊர்ந்தது. வண்டு குத்தாத 40 கதிர்களைப் பிரித்தெடுத்தோம். (வண்டு குத்திய சோளத்தில் புரதம் கூடித்தான் காட்டும். மாவைத் தின்றுவிடுகிறது, போதாக்குறைக்கு வண்டின் உடம்பிலும் நைதரசன் இருக்கிறது. இதைக் கேட்ட முதலாளி அப்படியென்றால் வண்டையே வளர்க்கலாமே என்றார்.)

40 கதிர்களின் சராசரி 10.9. ஒரே தலைமுறையில் 9.3 இலிருந்து 10.9. முதலாளி வட்டிலப்பம் வாங்கி அனுப்பினார். நானும் சாப்பிட்டேன்.

இங்கேதான் நான் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இலினோயில் 100 தலைமுறையில் 10.9 இலிருந்து 27 வரை. தொடக்கத்தில் கொஞ்சம் வேகமாகத்தான் ஏறியது என்றாலும், சராசரியாக எடுத்தால் தலைமுறைக்கு 0.16 வீதம். என் ஆய்வுகூடத்தில் ஒரே மாதிரியை இரண்டு தரம் செய்தாலே 0.2 வித்தியாசம் வரும். அவர்கள் பத்துத் தலைமுறை எடுத்துக்கொண்ட தூரத்தை நாங்கள் ஒரே போகத்தில் கடந்தோம் என்று நம்பினோமே, அந்த நேரம் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நல்ல செய்தி வந்தால் யாரும் கணக்கைத் திரும்பப் பார்ப்பதில்லை, கெட்ட செய்தி வந்தால் உடனே அமிலத்தைக் குறை சொல்கிறோம்.

கறுப்பு மணி (2020/21 பெரும்போகம்)

40 இல் ஐந்தை மட்டும் எடுத்தோம், இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று. அறுவடையில் வேலியோரத்து இரண்டு வரிசைக் கதிர்களை உரித்தபோது மஞ்சள் மணிகளுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுத்த மணிகள் இருந்தன. ஒரு கதிரில் நான்கு, இன்னொன்றில் ஏழு. மருமகன் நோய் என்று நினைத்துப் படம் அனுப்பினார்.

நோயில்லை. அடுத்த வளவில் ஒரு அம்மா வீட்டுத் தேவைக்குக் கறுப்பு மணிச் சோளம் நாலு பாத்தி வைத்திருந்தார், அதன் மகரந்தம் காற்றில் வந்து விழுந்திருக்கிறது. சோளத்தில் மணியின் மேற்பூச்சு நிறம் தகப்பன் பக்கத்திலிருந்தும் வரும், அதனால் கலப்பு அந்த வருடமே கண்ணுக்குத் தெரிந்துவிடும். கறுப்பு வந்ததால் நாங்கள் கண்டோம். சுற்றிவரக் கலப்பின மஞ்சள் விதைத்த காணிகள். அவற்றிலிருந்து வந்த மகரந்தம் மஞ்சளோடு மஞ்சளாகக் கலந்து நின்றதை யார் காண்பது? தாயைத் தெரிவு செய்தோம், தகப்பன் யார் என்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த தடவை கையால் மகரந்தம் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம். பட்டுநூல் வெளியே வருமுன் இளங்கதிரைப் பையால் மூட வேண்டும், ஆண் பூங்கொத்தையும் மூடி மகரந்தத்தைச் சேகரித்து, காலையில் தூவித் திரும்ப மூட வேண்டும். அதற்கான மெழுகுக் கடதாசிப் பைகளுக்கு எங்கே போவது, முதலாளி பேக்கரிக் கடதாசிப் பை இரண்டு கட்டு அனுப்பினார். ஒரு மழையில் கரைந்துவிட்டன.

இந்தத் தலைமுறையின் சராசரி 11.2. செடிகள் உயரம் குறைந்திருந்தன, கதிர் நுனிகள் வெறுமையாக இருந்தன. எட்டுத் தாய், பிறகு ஐந்து தாய் என்று ஒடுக்கிக்கொண்டே போனால் சோளம் இப்படித்தான் சோர்ந்துபோகும். ஹொப்கின்ஸ் 24 வைத்துக்கொண்டது சும்மா இல்லை. குறிப்பேட்டில் "செடி சிறிது" என்று எழுதிவைத்திருக்கிறேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

யூரியா இல்லாத போகம் (2021/22)

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தளர்த்தினார்கள், ஆனால் பெரும்போக விதைப்புக்கு யூரியா கைக்கு எட்டவில்லை, எட்டிய இடத்தில் விலை கிட்டப் போக முடியாததாக இருந்தது. மருமகன் மாட்டெருவும் கிடைத்த சேதனப் பசளையும் போட்டார். பயிர் வெளிறி நின்றது.

2022 மார்ச்சில் கதிர்கள் கொழும்புக்கு வந்தபோது நாட்டில் மின்வெட்டு. ஒருகட்டத்தில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம். கொதிப்பு பாதியில் நின்றால் அந்தத் தொகுதியே போச்சு, கறுத்த நிலையில் குடுவைகள் ஆறிக் கிடக்கும். இரவு இரண்டு மணிக்கு வந்த மின்சாரத்தில் முடித்த தொகுதிகளும் உண்டு. அப்படி முடித்ததில் வந்த எண்: 8.6.

தொடங்கிய இடத்துக்கும் கீழே. மூன்று தலைமுறைத் தெரிவு, மூன்று வருடம், 9.3 இலிருந்து 8.6.

நான் முதலில் அமிலத்தைச் சந்தேகித்தேன். கட்டுப்பாட்டு மாதிரியைச் செய்து பார்த்தேன், சரியாக வந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, கணக்குப் புத்தகத்தைப் பார்த்தபடியே, "பசளை போட்டா ஏறுது, போடாட்டி இறங்குது. அப்ப நாங்க மூண்டு வருசமா யூரியாவைத்தானே தம்பி அளந்தது?" என்றார்.

அதுதான். நைதரசன் போட்டால் சோள மணியில் புரதம் கூடும், இது பாடப்புத்தகத்தில் இருப்பது. எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தெரிந்ததை எங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

இலினோயில் காலநிலையும் பசளையும் வருடா வருடம் மாறத்தானே செய்திருக்கும், அவர்கள் எப்படி ஏமாறாமல் தப்பினார்கள் என்று அன்றிரவு பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போகும்போது யோசித்தேன். விடை முதல்நாளே என் வாயாலேயே வந்ததுதான். அவர்களிடம் கீழ் வரிசை இருந்தது. நல்ல வருடத்தில் இரண்டும் ஏறும், கெட்ட வருடத்தில் இரண்டும் இறங்கும், இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் மட்டும்தான் தெரிவினுடையது. ஹொப்கின்ஸ் கீழ் வரிசையைத் தொடங்கியதற்கு வியாபாரக் காரணமும் இருந்தது, மாப்பொருள் எடுக்கிறவர்களுக்கும் தீவனக்காரர்களுக்கும் வேறு வேறு சோளம் தேவை என்பது அவர் வாதம். காரணம் எதுவாயினும், அந்த விலைபோகாத வரிசைதான் மற்றதற்கு அளவுகோலாக நின்றது. நாங்கள் காணியையும் செலவையும் மிச்சம் பிடித்து அளவுகோலை வீட்டில் விட்டுவிட்டுத் துணி அளக்கப் போயிருக்கிறோம்.

தராசு (2022 ஏப்ரல் – மே)

இந்தக் கட்டத்தில் கைவிடுவது என்றுதான் பேச்சு. எரிபொருள் வரிசையில் நின்று நின்று எல்லோருக்கும் வேறு கவலைகள் இருந்தன. ஆனால் மின்சாரம் இல்லாமலும் தராசு வேலை செய்யும். கடையில் ஏலக்காய் நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று இருந்தது, அதில் ஒவ்வொரு கதிரிலிருந்தும் 100 மணி எண்ணி நிறுத்துப் பார்த்தேன். முதல் 60 கதிர்களுக்கு போத்தல்கள் இருந்தன. அப்போதுதான் அந்தப் போத்தல்களை நான் முதன்முறையாகக் கையில் எடுத்தேன்.

2019 இல் 9 வீதம் காட்டிய ஒரு கதிரில் 100 மணி 30 கிராம். 12 வீதம் காட்டி, எங்கள் தெரிவில் முதலிடம் பிடித்த கதிரில் 100 மணி 22 கிராம். பெருக்கிப் பாருங்கள்: முதலாவதில் 100 மணிக்குப் புரதம் 2.7 கிராம், இரண்டாவதில் 2.64 கிராம். புரதம் கூடவில்லை, மாப்பொருள்தான் குறைந்திருக்கிறது. வீதம் என்பது பங்கு. வயிறு ஒட்டிய மணியில் புரதத்தின் பங்கு தானாகவே பெரிதாகத் தெரியும்.

சவர அலகால் மணிகளைக் குறுக்கே வெட்டியும் பார்த்தேன். ஹொப்கின்ஸும் இப்படி வெட்டிப் பார்த்தே தெரிவு செய்யலாம் என்று எழுதியவர்தான். நல்ல மணியில் முளையத்தைச் சுற்றி நடுவில் வெள்ளையான மாப்பகுதி, அதை வளைத்துக் கண்ணாடி மாதிரி மஞ்சள் கடினப்பகுதி. எங்கள் முதலிடத்து மணியில் முளையம் அதே அளவுதான் இருந்தது, கடினப்பகுதியும் ஓரளவு இருந்தது, நடுவிலிருந்த வெள்ளை மட்டும் வற்றிப்போயிருந்தது. நகத்தின் மேல் வைத்துப் பார்த்தாலே தெரிந்தது. இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை.

இலினோய் மேல் வரிசையிலும் மணி சிறிது, விளைச்சலும் குறைவு, அது பதிவில் உள்ளதுதான். ஆனால் அங்கே உண்மையான மரபு மாற்றமும் சேர்ந்தே நடந்தது. எங்களுடையதில் எது எவ்வளவு என்று பிரிக்க ஒரு வழிதான் மிச்சம்.

போத்தல்கள் வயலுக்குப் போனது (2022/23 பெரும்போகம்)

2019 விதையையும் எங்கள் மூன்றாம் தலைமுறை விதையையும் ஒரே வயலில், ஒரே நாளில், ஒரே பசளையில், மாறி மாறி வரிசையாக விதைப்பது என்று தீர்மானித்தோம். மூன்றரை வருடம் பிரிட்ஜில் இருந்த விதை முளைக்குமா என்ற பயம். ஈரத் துணியில் 100 மணி வைத்ததில் 81 முளைத்தன. முதலாளியின் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பு வட்டிலப்பம் வாங்கிய நாளில்கூட வரவில்லை.

இந்த முறை வரிசை இலக்கம் எனக்குத் தெரியாமல் மருமகன் பார்த்துக்கொண்டார். நான் வெறும் எண்ணிட்ட பைகளை மட்டும் அரைத்தேன். முடிவு: பழைய விதை 9.2 வீதம், எங்கள் தெரிவு 9.6. 100 மணி எடை பழையதில் 29 கிராம், எங்களுடையதில் 25. அதாவது 100 மணிக்குப் புரதம் பழையதில் 2.67 கிராம், எங்களுடையதில் 2.40. வரிசைக்கு வரிசை அறுவடையும் எங்களுடையதில் கண்ணுக்குத் தெரியக் குறைவு. நாலு வருட வேலையில் ஒரு மெலிந்த சோளத்தை உண்டாக்கியிருக்கிறோம். 0.4 வித்தியாசத்தில் உண்மையான தெரிவும் கொஞ்சம் இருக்கலாம், அதைப் பெரிதாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

அப்புறம் இன்னொரு அடி. கால்நடைப் போசணை கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவரிடம் முதலாளி இந்தக் கதையைச் சொல்ல, அவர் கேட்ட முதல் கேள்வி லைசீன் (புரதத்தின் ஒரு கூறு, கோழிக்கு அவசியமான அமினோ அமிலம்) பார்த்தீர்களா என்பது. சோள மணியில் புரதம் ஏறும்போது பெரும்பாலும் ஏறுவது செயின் என்ற சேமிப்புப் புரதம். அதில் லைசீனும் டிரிப்டோபன் என்ற இன்னொரு அமினோ அமிலமும் இல்லையென்றே சொல்லலாம். சோயாப் புண்ணாக்கு போடுவதே கோழிக்கு லைசீன் கிடைக்கத்தான். ஆக, 27 வீதச் சோளமே கைக்கு வந்திருந்தாலும் சோயா மூடைகளை முதலாளி நினைத்த அளவுக்குக் குறைத்திருக்க முடியாது. புரதத்தின் அளவை விட்டுத் தரத்தைத் திருத்திய கதை வேறு: 1964 இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மேர்ட்ஸ், பேட்ஸ், நெல்சன் மூவரும் ஒப்பேக்-2 என்ற மரபணு உள்ள சோளத்தில் லைசீன் கூட இருப்பதைக் காட்டினார்கள். மணி மென்மையாகிப் பூச்சிக்கு இரையானது, விளைச்சலும் குறைந்தது. அந்தக் குறைகளைப் பல வருடம் இருந்து திருத்தியவர்கள் மெக்சிகோவில் சுரிந்தர் வாசலும் எவஞ்சலினா வில்லேகாஸும், அதற்காக 2000 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கேட்க வேண்டிய கேள்வியை முதலாளி கவுண்டரில் நின்று சரியாகத்தான் கேட்டார், சோயாவைக் குறைக்கலாமா என்று. அதைப் புரத வீதமாக மொழிபெயர்த்தது நான்.

என்ன மாற்றியிருப்போம்

முதலாவது, கீழ் வரிசை. அதற்குக் காணி இல்லையென்றால் தெரிவே செய்யாத பழைய விதையையாவது ஒவ்வொரு போகமும் பக்கத்தில் விதைத்திருக்க வேண்டும். இது இருந்திருந்தால் 10.9 வந்த அன்றே, பழைய விதையும் கிட்டத்தட்ட அவ்வளவே காட்டுவதைப் பார்த்து, வட்டிலப்பம் மிச்சமாகியிருக்கும்.

மணி எடையைப் புரதத்தோடு சேர்த்தே எழுதியிருப்பேன், சுருங்கிய கதிரை ஆய்வுகூடத்துக்கே எடுத்திருக்க மாட்டேன். தாய்க் கதிர்கள் இருபதுக்குக் குறையவே விட்டிருக்கக் கூடாது. மகரந்தத்துக்குத் தனி இடம், அல்லது பக்கத்துக் காணிகள் பூக்காத காலம் பார்த்து விதைப்பு. அது வவுனியாவில் நடக்கக்கூடியதுதான், கிணறு இருந்தது. எந்தப் பை யாருடையது என்று அறியாமல் அளப்பதைக் கடைசிப் போகத்தில் செய்ததுபோல முதல் போகத்திலேயே செய்திருக்கலாம், அதற்குச் சதச் செலவில்லை.

இதையெல்லாம் செய்திருந்தாலும் நாலு தலைமுறையில் சோயாவைக் குறைக்கிற சோளம் வந்திருக்காது. ஒரு வீதம் ஏறவே ஆறேழு போகம் வேண்டும் என்று தெரிந்த பிறகு எழுபது வயது மனிதரை அந்த வரிசையில் நிறுத்தியிருக்கவும் மாட்டேன்.

இப்போது

கடையில் சோள மூடை இறங்கும்போது ஈரப்பதனோடு 100 மணி எடையும் பார்க்கிறார்கள். மருமகனுடைய பையன் எண்ணுகிறான், வேகமாக எண்ணுகிறான். போத்தல்கள் இன்னும் பிரிட்ஜில் இருக்கின்றன.

மருமகன் சோளத்தை விடவில்லை. புரதத்தை மறந்துவிட்டார், பழைய விதையில் விளைந்ததை எடுத்து, நுனிவரை இறுக்கமாக உறை மூடிய கதிர்களாகப் பார்த்துப் பொறுக்குகிறார், வண்டும் கிளியும் எளிதில் உள்ளே போகாத கதிர்கள். இதற்கு அமிலமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், கையால் அமுக்கிப் பார்த்தால் போதும். இருநூறு கதிரில் நாற்பதை எடுத்தாராம். கூடவே, நுனி திறந்து மணி தெரிந்த கதிர்கள் பன்னிரண்டையும் எடுத்து ஓரமாக ஒரு வரிசை விதைத்திருக்கிறார். போன மாதம் ஒரு படம் அனுப்பினார். அந்த ஓர வரிசை முழுக்கக் கிளி உட்கார்ந்திருக்கிறது, பக்கத்து வரிசையில் இரண்டோ மூன்றோ. "அண்ணா, கீழ் வரிசை வேலை செய்யுது" என்று கீழே எழுதியிருந்தார்.